கிரீஸ் ட்ராப்பின் மூடியைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மேன்ஹோல் பொங்கினால் எல்லோரும் மழையைத்தான் குறை சொல்கிறார்கள். நான் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் குழாய் வேலை செய்பவன். ஒரு சொட்டு மழையில்லாத மாசி மாதத்திலும் அதே மேன்ஹோல்கள் பொங்குவதைப் பார்க்கிறேன். கூரைத் தண்ணீரைக் கள்ளமாகக் கழிவுக் குழாயில் இணைத்து வைத்திருப்பதும் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய காரணம் சமையல் எண்ணெய். அதைப் பிடிக்க வைத்த கிரீஸ் ட்ராப் தொட்டிகளைத் திறந்து அள்ளாததுதான் கோளாறு.

அடைப்பெடுக்கக் கூப்பிட்டால் முதலில் குழாய்க்குள் கம்பியை விடுவோம். சாதாரண அடைப்பென்றால் நாலு தரம் குத்தியதும் தண்ணீர் இறங்கிவிடும். எண்ணெய் அடைப்பென்றால் கம்பி முட்டிக்கொண்டு நிற்கும். இழுத்தால் நுனியில் சாம்பல் கலந்த வெள்ளையில், பழைய பார் சவர்க்காரம் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். உண்மையில் அதுவும் ஒரு சவர்க்காரம்தான். குழாய்க்குள் போன எண்ணெய் சிதைந்து கொழுப்பமிலமாகிறது. அது தண்ணீரிலும் கொங்கிரீட்டிலும் உள்ள கல்சியத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத சவர்க்காரமாகச் சுவரில் படிகிறது. அதில் வெட் வைப்ஸ், நப்கின், தேங்காய்த் தும்பு எல்லாம் சிக்கிக்கொள்ளும். பிறகு சோற்றுப் பருக்கைகூடத் தாண்டிப் போகாது.

"கொழும்பு வெக்கையில் எண்ணெய் எங்கே உறையப் போகிறது?" என்று கடைக்காரர்கள் என்னிடம் கேட்பார்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியசுக்குக் கீழேதான் உறையும், நுவரெலியாவில் போத்தலுக்குள்ளேயே கட்டியாகிவிடும், இங்கே ஆகாது. அது சரி. ஆனால் நான் சொன்ன சவர்க்காரக் கட்டிக்குக் குளிர் தேவையில்லை. கொதிதண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடும் என்பதும் பொய் நம்பிக்கை. சிங்க்கில் இளகிய கொழுப்பு சூடு ஆறியதும் கொஞ்சம் தள்ளிப் படியும். உங்கள் குழாய் தப்பும், ஒழுங்கைக் குழாய் அடைபடும்.

லண்டனில் வைட்சப்பல் பகுதிக் குழாயில் 2017இல் இப்படி ஒரு கட்டி பிடிபட்டது. நீளம் 250 மீற்றர், எடை 130 தொன். பல வாரம் ஆட்கள் இறங்கி வெட்டி எடுத்தார்கள். கொஞ்சத்தை பயோடீசலாக்கினார்கள், ஒரு துண்டை நூதனசாலையில் வைத்தார்கள். நமது குழாய்களிலும் பலவற்றுக்கு வயது நூறு வருடத்துக்கு மேல். வெள்ளைக்காரன் காலத்தில், ஒரு வளவில் ஒரு வீடு இருந்தபோது போட்டவை. இன்று காலி வீதியிலிருந்து கடற்கரை வரை ஒவ்வொரு ஒழுங்கையிலும் அடுக்குமாடிகள். தெருமுனையில் கொத்துக் கடை, வடைக் கடை, ரோல்ஸ் கடை, கல்யாணச் சாப்பாடு சமைக்கும் இடம். அவ்வளவு எண்ணெயும் அந்தப் பழைய குழாயைத்தான் தேடிப் போகிறது. அடைத்தால் மேல்மாடிக்காரருக்கு எதுவும் தெரியாது. கீழ்த்தட்டில் இருப்பவரின் குளியலறையில்தான் வெளியே வரும். மாடியில் பொரித்ததற்குக் கீழே ஒரு வயதான அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு அள்ளிக் கொட்டுவது என்ன நியாயம்?

பொரிக்கும் இடங்களில் கிரீஸ் ட்ராப் இல்லையா என்றால், பல இடங்களில் இருக்கிறது. சிங்க்குக்கும் வெளிக்குழாய்க்கும் இடையில் ஒரு தொட்டி, அவ்வளவுதான். தண்ணீர் அதில் மெதுவாக நிற்கும்போது எண்ணெய் மேலே மிதக்கும், பருக்கையும் மீன் செதிலும் அடியில் தங்கும், நடுவிலுள்ள தண்ணீர் வெளியே போகும். நல்ல ஏற்பாடு. ஆனால் மேலே மிதப்பதை யாராவது அள்ள வேண்டுமே! தொட்டியில் கால்வாசி எண்ணெயும் மண்டியுமாகிவிட்டால் அப்புறம் அது வேலை செய்யாது, வந்ததையெல்லாம் அப்படியே குழாய்க்குள் விட்டுவிடும். நான் பார்த்த ஒரு சாப்பாட்டுக் கடையில் ட்ராப்பின் மூடிக்கு மேல் அரிசி மூட்டை அடுக்கியிருந்தார்கள். இன்னொன்றில் மூடியை மறைத்து டைல்ஸே பதித்துவிட்டார்கள். இவையெல்லாம் கடை கட்டும்போது வரைபடத்தில் காட்டுவதற்காக வைத்தவை. ஒருவரும் பிறகு திறந்ததில்லை.

முதலாளிமாருக்கு ஒன்று சொல்கிறேன். பெரிய சமையலறையென்றால் வாரம் ஒருமுறையாவது அள்ளுங்கள். கோப்பை கழுவுமுன் மிச்சத்தை வழித்துக் குப்பையில் போடச் சொல்லுங்கள், தொட்டி நிரம்புவது குறையும். அள்ளியதைப் பின்பக்க வடிகானில் கொட்டாதீர்கள். அப்படிச் செய்வதையும் பார்த்திருக்கிறேன். வீடுகளில் தீபாவளிக்குப் பலகாரம் சுட்டு மிஞ்சும் எண்ணெயை ஆறவிட்டு ஒரு போத்தலில் ஊற்றி மூடி வையுங்கள். தாச்சியைப் பழைய பேப்பரால் துடைத்த பிறகு கழுவுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

இந்த அடைப்பைக் கடைசியில் எடுப்பது மனிதர்கள். மேன்ஹோலுக்குள் தேங்கிய கழிவிலிருந்து ஐதரசன் சல்பைட் வாயு வரும். கொஞ்சமாக இருக்கும்போது கூழ்முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் அப்படியே விழுந்துவிடுவான். அவனைத் தூக்கப் போனவனும் விழுவான். மூடியைத் திறந்து காற்றாட விடாமல், வாயுவை அளக்காமல், இடுப்பில் கயிறு இல்லாமல் ஒருவரையும் இறக்கக் கூடாது. "கெதியா இறங்கு தம்பி, மத்தியானக் கூட்டம் வரப்போகுது" என்று அவசரப்படுத்தும் கடைக்காரருக்கு இது தெரிய வேண்டும்.

மாநகர சபையிடம் நான் கேட்பது சின்ன விஷயம். சாப்பாட்டுக் கடைகளின் வியாபார அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்கிறார்கள். சமையலறை பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ட்ராப் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போகாமல், தன் கண்முன்னே மூடியைத் திறக்கச் சொல்ல வேண்டும். எப்போது அள்ளினார்கள், அள்ளியதை யார் எடுத்துப் போனார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். மூடி திறக்கவில்லையென்றால் திறக்கும்வரை அனுமதிப்பத்திரம் கொடுக்கக் கூடாது. அடுக்குமாடிகளில் நிர்வாகக் குழுக்களுக்கும் இதே விதி இருக்கட்டும்.

இப்படிக்கு,
குழாய் பொருத்துநர் ஒருவர்
வெள்ளவத்தை, கொழும்பு 06