வெள்ளவத்தையா, ஹெந்தளையா?

அன்புள்ள மச்சான்,

இடமாற்றக் கடிதம் கைக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். வவுனியாவில் அவ்வளவு பெரிய வளவை விட்டுவிட்டு வர உன் மனுஷிக்கு மனமில்லை என்பதும் விளங்குகிறது. கொழும்புக்குள் ஒரு ஃப்ளாட்டா, வத்தளைப் பக்கம் முற்றத்தோடு ஒரு வீடா என்று கேட்கிறாய். நான் இரண்டிலும் இருந்து பார்த்தவன்.

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருந்தது நான்காம் மாடி, இரண்டு அறை. மகன் பந்தைத் தட்டினால் கீழ்வீட்டு அன்ரி மேலே வந்துவிடுவா. அந்தக் கரைச்சலில்தான் 3 வருடத்துக்கு முதல் வத்தளைப் பக்கத்து ஹெந்தளைக்கு வந்தோம். இங்கே கிணறு, ஜம்பு மரம், ஒரு நாய். முதல் மாதம் பெடியனைப் பிடிக்க முடியவில்லை.

பிறகு பள்ளிக்கூடம் தொடங்கியது. பள்ளி கொழும்புக்குள், பம்பலப்பிட்டியில். காலை 5.40க்கு வாசலில் வான் ஹோர்ன் அடிக்கும். 2021 இல் திறந்த புதுக் களனிப் பாலத்தை நம்பித்தான் இந்தப் பக்கம் வந்தேன். பாலத்தில் ஏறி இறங்குவது சுகம்தான், இறங்கிய பிறகுதான் இருக்கிறது கூத்து. பின்னேரம் நாலு மணிக்கு வந்து சோறும் சாப்பிடாமல் நித்திரையாகிவிடுவான். ஜம்பு முழுக்க வௌவாலுக்கு.

வெள்ளவத்தையில் 9 வயதிலேயே தனியாகக் கீழே போய்ப் பாண் வாங்கிவருவான். ஞாயிறு காலை ராமகிருஷ்ண மிஷன் வகுப்புக்குக் காலி வீதியை மட்டும் நான் கடத்திவிட்டால் போதும். கடைக்காரருக்கெல்லாம் அவனைத் தெரியும். பின்னேரம் தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போவோம். இங்கே இவ்வளவு இடம் இருந்தும் அவன் தனியாகச் சந்திவரை போனதில்லை. நீர்கொழும்பு வீதியில் ஓடுகிற பஸ்களைப் பார்த்தால் நீயும் விடமாட்டாய்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இங்கே ஒழுங்கைப் பிள்ளைகளோடு லீவு நாட்களில் கிரிக்கெட் அடித்தே மகன் சிங்களம் பிடித்துவிட்டான். 20 வருடம் கொழும்பில் இருந்தும் எனக்கு இன்னும் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்குத்தான் வரும். வெள்ளவத்தையில் தமிழை மட்டும் வைத்தே காலத்தைத் தள்ளிவிடலாம், அதுதான் காரணம்.

உன் மகளுக்கு முதலாம் ஆண்டு அனுமதி வேண்டுமே. அரச பாடசாலைகளில் பாதி இடங்கள் அருகில் வசிப்பவர்களுக்கு. ஆனால் அதற்கு 5 வருட வாக்காளர் பதிவு பார்ப்பார்கள். அந்தப் பள்ளியைவிட வீட்டுக்குக் கிட்ட வேறு பள்ளி இருந்தால் புள்ளியும் குறையும். புதிதாக வருகிற உனக்கு அது சரிவராது. இடமாற்றத்தில் வரும் அரச ஊழியர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அதில் விண்ணப்பி. எந்தப் பள்ளி என்று தெரிந்த பிறகு, நடந்துபோகிற தூரத்தில் ஃப்ளாட் ஒன்றை வாடகைக்கு எடு. வளவுள்ள வீட்டை, மகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய பிறகு பார்க்கலாம்.

இல்லை, வத்தளைதான் என்றால், 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டாரிடம் கேள். தரகரிடம் கேட்காதே.

வீடு பார்க்க வரும்போது ஞாயிறு இரவே வந்து எங்களோடு தங்கு. திங்கள் காலை மகனோடு அந்த வானில் ஏறிப் போய்ப் பார். டிரைவரிடம் சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்