கையுறை கொடுத்தவருக்கும் கயிறு பிடித்தவருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் நால்வரும் ஆளுக்கு இருபது விரலோடு பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம். சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு எங்கே போனாய் என்று கேட்பவர்களிடம் ஜப்பானில் பனிச்சுவர் ஏறப் போனேன் என்றால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நம் சிங்கப்பூரில் ஆக உயரமான இடமே 163 மீட்டர் புக்கிட் தீமாதான், அதில் ஏறவே இரண்டு இடத்தில் உட்காருகிற ஆள் நான்.

முதல் நன்றி பெயர் தெரியாத ஒரு பெரியவருக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது, இந்த மடலைப் படிக்கப்போவதும் இல்லை. இருந்தாலும் அவரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

யாட்சுகாதாகே மலைத்தொடரில், 2,220 மீட்டர் உயரத்தில், அகாதாகே கோசென் என்று ஒரு மலைக்குடில் இருக்கிறது. தோக்கியோவின் ஷின்ஜுக்குவிலிருந்து சினோவுக்கு விரைவு ரயில், அங்கிருந்து மினோதோகுச்சிவரை பஸ், அப்புறம் முதுகில் மூட்டையோடு மூன்று மணி நேர நடை. குடிலுக்குப் பக்கத்தில் சட்டம் கட்டி, தண்ணீர் பாய்ச்சி, உறையவைத்து ஒரு பனிச்சுவர் எழுப்புகிறார்கள். அதன் பெயர் ஐஸ் கேண்டி, அதாவது நம் குச்சி ஐஸ். பெயரைக் கேட்டு நாங்களும் சிரித்தோம், அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்வரை.

சனிக்கிழமை காலை மைனஸ் 14. கோடரியை இறுக்கிப் பிடிக்காதே, மணிக்கட்டால் வீசு, குதிகாலைத் தாழ்த்து, தூக்கினால் கிராம்பானின், அதாவது காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல் சட்டத்தின், முன்பற்கள் ஐஸிலிருந்து கழன்றுவிடும் என்று பயிற்சியாளர் பத்து முறை சொல்லியிருப்பார். நானோ கூட்ட நேர எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டேன். கைகள் தலைக்கு மேலே, பிடியோ இரும்புப் பிடி, கையுறையும் நனைந்துவிட்டது, விரல்களுக்கு ரத்தம் எங்கே போகும்? மேலே இருக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. கீழே இறங்கிக் கையைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் ஆனதும் ரத்தம் திரும்பியது பாருங்கள், விரலுக்குள் மிளகாய்ப்பொடியைத் திணித்துத் தைத்ததுபோல் ஒரு வலி. 38 வயதில் ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால் நின்று அழுதேன்.

வரிசையில் அடுத்து நின்ற அந்தப் பெரியவர் என் நனைந்த கையுறைகளை உருவி எடுத்தார். இரண்டு கைகளையும் ராட்டினம்போல் சுற்றிக் காட்டி, சுற்று என்று சைகை செய்தார். அப்புறம் தன் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருந்த ஒரு ஜோடி கையுறையை எடுத்து அவரே எனக்கு மாட்டிவிட்டார். வெந்நீர்ப் பைபோல் சூடாக இருந்தன. “தைஜோபு, தைஜோபு” என்றார். பரவாயில்லை, பரவாயில்லை. மாலையில் திருப்பிக் கொடுக்கத் தேடினால், மதியமே மலை இறங்கிவிட்டாராம்.

அடுத்தது, நான் ஏறும்போது விழுந்துவிடாமல் கீழே நின்று கயிறு பிடித்த அண்ணனுக்கு. குளிர் கூடினால் ஐஸ் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், கோடரி பட்ட இடத்தில் சோற்றுத் தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழும். அப்படி நான் பெயர்த்த ஒன்று நேராக அவரை நோக்கிப் போனது. அங்கே எல்லாரும் கத்துவதைப்போல நானும் “ராக்கு!”, அதாவது விழுகிறது, என்று கத்தினேன். கயிறு கையில் இருக்கும்போது விலகி ஓட முடியுமா? தலைக்கவசத்தை மட்டும் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். தோளில் நல்ல அடி. அதையும் ஷின்ஜுக்கு வந்து பையைத் தூக்க முடியாமல் போனபோதுதான் சொன்னார். அண்ணே, நீங்கள் அன்று அசைந்திருந்தால் இந்த மடலை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. மன்னிப்பும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாடகைக் கடை ஒரு சைஸ் சின்னதாகக் காலணி அனுப்பிய கதையை விடுங்கள், நினைத்தாலே கோபம் வருகிறது. பொருந்துகிற ஜோடியைத் தேடிக் கொடுத்த குடில் ஊழியர்களுக்கு நன்றி. டெய்ரி ஃபார்ம் கற்சுரங்கப் பாறையில் நான்கு ஞாயிறு கயிற்றுமுடிச்சு கற்றுத்தந்த நண்பர்களுக்கும், என் வேலையைப் பார்த்துக்கொண்ட அலுவலக அக்காவுக்கும், தினமும் புளோக் படிக்கட்டில் மூட்டையோடு ஏறி இறங்கிய என்னைப் பார்த்து லிப்ட் கெட்டுப்போச்சா என்று கேட்காமல் விட்டவர்களுக்கும் நன்றி. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி தன் மகனின் குளிர்ச்சட்டையையும் ஒரு டப்பா அன்னாசி டார்ட்டும் கொடுத்தனுப்பினார். டார்ட் சாங்கி விமான நிலையத்தைத் தாண்டவில்லை. சட்டையைத் துவைத்து வைத்திருக்கிறேன் ஆன்ட்டி, இன்று மாலை கொண்டு வருகிறேன்.

அந்தக் கையுறைகள் இப்போது என் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் 31 டிகிரி வெயிலில் காய்கின்றன. வரும் குளிர்காலத்தில் யாராவது அந்தப் பக்கம் போவதாக இருந்தால் சொல்லுங்கள், கொடுத்தனுப்புகிறேன், குடிலில் வைத்துவிட்டு வந்தால் போதும். வலது கட்டைவிரல் ஓரத்தில் நீல நூலால் கையால் போட்ட தையல் ஒன்று இருக்கிறது, பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.