ஆபரேட்டர் ரூமை இடிக்கப் போகிறார்கள்

அருவங்காடு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம்.

நம்ம டாக்கீஸை முதலாளியின் பேரன் லாட்ஜ் ஆக்கப்போகிறார், கீழே கடைகள். பிளானைக் கொண்டுவந்து காட்டினார். நீலகிரியில் புதுக் கட்டடத்துக்கு 7 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருப்பது உனக்குத் தெரியும். இடித்துவிட்டால் இந்த உயரம் திரும்பக் கிடைக்காது. அதனால் சுவரை அப்படியே விட்டு உள்ளே தளம் போடுகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் நான் படம் ஓட்டிய ஆபரேட்டர் ரூமை இடித்து அங்கே மாடிப்படி வருகிறது. மனசு கேட்கவில்லை கண்ணு.

அந்த ரூமுக்கு மட்டும் ஏன் அவ்வளவு கனமான கல்சுவர் என்று சின்ன வயசில் கேட்பாய். அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட். நம்ம ஃபேக்டரியில் செய்யும் கார்டைட் வெடிமருந்துக்கும் அதற்கும் அடிப்படை ஒன்றுதான், அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சு. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. எரிவதற்கான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் புரொஜக்டர் ஓட்டைக்கு மேலே இரும்பு ஷட்டர். சூடு ஏறினால் அதைப் பிடித்திருக்கும் கண்ணி உருகி, ஷட்டர் தானாக விழுந்து ஹாலைக் காப்பாற்றும். நான் சேர்ந்தபோது நைட்ரேட் போய்விட்டது. ஆனாலும் அந்த ஷட்டருக்கு நான் எண்ணெய் போடாமல் விட்டதில்லை.

2000 அடி ரீல் 22 நிமிஷம் ஓடும். அதுவரை புரொஜக்டருக்கு வெளிச்சம் தரும் இரண்டு கார்பன் குச்சிகளும் எரிய எரிய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் முதல் புள்ளி வந்ததும் அடுத்த ரீல் மாட்டிய இரண்டாவது புரொஜக்டரை ஓடவிட வேண்டும், இரண்டாவது புள்ளிக்குப் படத்தை அதற்கு மாற்ற வேண்டும். கண் அசந்தால் வெள்ளைத் திரை, பெஞ்சிலிருந்து விசில். ஐப்பசி மழை தகரக் கூரையில் இறங்கினால் வசனமே கேட்காது. அப்படியும் ஷிப்ட் முடிந்து செகண்ட் ஷோவுக்கு வந்தவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கடைசிவரை இருப்பார்கள். டிஜிட்டல் வந்ததும் எல்லாம் நின்றது.

படியைப் பழைய டிக்கெட் கவுண்டர் பக்கமாக ஏற்றலாம் என்று எனக்குப் படுகிறது. அங்கே இடம் இருக்கிறது. நான் சொன்னால், ஏதோ பெரியவர் ஆசைப்படுகிறார் என்று முதலாளியின் பேரன் விட்டுவிடுவார். நீ ஆர்க்கிடெக்ட், வரைந்து காட்டினால் கேட்பார். பிளானை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். தை பிறந்ததும் வேலை ஆரம்பமாம். அதற்கு முன்னால் ஒருதரம் வந்து அளந்து பார்த்துவிட்டுப் போ. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
அப்பா