உறுதி அவள் பெயரில், கையொப்பம் கணவனுடையது

ஆசிரியருக்கு வணக்கம்.

நுண்நிதி நிறுவனங்கள் கொடுக்கும் சிறு கடனில் சிக்கிய இலங்கையின் வடபகுதிப் பெண்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். வரவு செலவு பார்க்கத் தெரியாமல் பெண்கள் கடன் எடுக்கிறார்கள் என்று அது சொல்வதுபோல் எனக்குப் பட்டது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். என் தங்கச்சி என்னைவிட நன்றாகக் கணக்குப் பார்ப்பாள். அவள் ஏன் வாராவாரம் தவணை கட்டும் கிழமைக் கடனுக்குப் போனாள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அவளுக்குச் சீதனமாகக் கிடைத்தது யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலில் ஆறு பரப்புத் தோட்டக் காணி. உறுதி, அதாவது காணிப் பத்திரம், அவள் பெயரில். போர் முடிந்த 2009க்குப் பிறகு கணவர் வீடு திரும்பவில்லை. 2017இல் விதை வெங்காயமும் தண்ணீர்ப் பம்பும் வாங்க அந்த உறுதியை எடுத்துக்கொண்டு ஒரு வங்கிக்குப் போனாள். காணியை ஈடு வைக்கக் கணவரின் கையொப்பம் வேண்டும் என்றார்கள். "மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டால் சுலபம்" என்று அங்கிருந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. கணவரின் படத்தோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிற ஒருத்தி, அவர் இறந்துவிட்டார் என்று தானே எப்படி எழுதிக் கொடுப்பாள்?

நீதிமன்றத்துக்குப் போகலாம். கணவன் கைவிட்டுப் போனாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் வழக்கறிஞருக்குக் காசு வேண்டும், தவணைக்குத் தவணை அலைய வேண்டும். நடுகைக் காலம் அதுவரை காத்திருக்காது.

குழுக்கடன்காரர் உறுதி கேட்கவில்லை. அடையாள அட்டையும் மற்ற நாலு பெண்களின் பிணையும் போதும் என்றார்கள். ஒருத்தி தவணை தவறினால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். காசு முழுதாகச் சேரும்வரை கூட்டத்தை விட்டு எழும்ப முடியாது. வெங்காய விலை விழுந்த வருடம் முதல் கடனை அடைக்க இரண்டாவது கடன், அப்புறம் மூன்றாவது. கடைசியில் இரண்டு சோடிக் காப்பும் அடைவுக்கு (அடகுக்கு) போயின. அசையும் சொத்து என்பதால் அதற்கு மட்டும் யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை.

காணிக்குக் கணவரின் கையொப்பம் கேட்பது வங்கி அதிகாரி போட்ட விதி அல்ல. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. யாழ்ப்பாணத் தமிழருக்கான வழக்குச் சட்டமாகிய தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியைக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. பொதுச் சட்டத்தின் கீழ் வரும் மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணுக்கோ, காலியிலுள்ள சிங்களப் பெண்ணுக்கோ 1923ஆம் ஆண்டிலிருந்தே இந்தத் தடை இல்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லோரும் சமம் என்கிறது. ஆனால் 16ஆம் உறுப்புரை, அதற்கு முரணான பழைய சட்டங்களும் செல்லும் என்று விட்டுவைத்திருக்கிறது. தாயின் சீதனம் மகளுக்குப் போவதும் தேசவழமைதான். அந்த நல்ல வழக்கம் இருக்கட்டும். கையொப்ப விதி போக வேண்டும்.

மற்ற நாடுகளும் இதிலிருந்து வெளியே வந்தவைதான். பிரான்சில் கணவனின் சம்மதமின்றி மனைவி வங்கிக் கணக்குத் திறக்கச் சட்டம் இடம் கொடுத்தது 1965இல். அமெரிக்காவில், பெண், திருமணமானவள் என்று பார்த்துக் கடன் மறுக்கக்கூடாது என்ற சட்டம் 1974இல் வந்தது. ஸ்பெயின் 1975இல் கணவனின் அனுமதி விதியை நீக்கியது. கணவனைக் குடும்பத் தலைவனாக வைத்திருந்த சுவிஸ் சட்டம் 1988 வரை நின்றது. பாரிசிலிருக்கும் என் மச்சாள் கடை தொடங்கத் தன் கையொப்பத்திலேயே கடன் எடுத்தாள். அவளும் தங்கச்சியும் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள்.

கடன் நெருக்கடியும் எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. ஆந்திராவில் தற்கொலைகளுக்குப் பிறகு 2010இல் நுண்கடன் நிறுவனங்களை அடக்க அவசரச் சட்டம் வந்தது. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்து இங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். உயிரோடும் சுதந்திரமாகவும் கடனில்லாமலும் வாழ வேண்டும் என்பது ஆர்ஜென்டீனப் பெண்களின் முழக்கம். இங்கே 2018இல் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும், வறட்சி மாவட்டப் பெண்களுக்கு ஓரளவு கடன் நிவாரணமும் அறிவித்தார்கள். பிறகு 2022 வந்தது. நாடே கடன் கட்ட முடியாமல் நின்றது. நாட்டின் கடனுக்குப் பேச்சுவார்த்தை நடத்தினார்கள், கால அவகாசம் கேட்டார்கள், கிடைத்தது. கிழமைக் கடன் கட்டும் பெண்ணுக்கு அந்த அவகாசம் இல்லை. 2024இல் 18 வீதமாகிய வற் (பெறுமதி சேர்) வரி மட்டும் அவளுக்கும் சேர்த்துத்தான்.

எனவே இரண்டு காரியம் கேட்கிறேன். 6ஆம் பிரிவைத் திருத்த என்ன செய்யப் போகிறீர்கள் என்று வடக்கின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவர்களின் பதிலைப் பிரசுரியுங்கள். திருத்தம் வரும்வரை, மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி பெற என்னென்ன பத்திரம் வேண்டும், இலவச சட்ட உதவிக்கு எங்கே போக வேண்டும் என்று ஒரு வழக்கறிஞரைக் கொண்டு எளிய தமிழில் எழுதுவியுங்கள். தங்கச்சியின் குழுவில் மூன்று பேர் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கோண்டாவில்.