குதிரைப் பண்ணையில் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பண்ணையில் எங்களுக்குத் துணையாக இருந்த எல்லோருக்கும் வணக்கம்.

இந்தப் பருவத்து வகுப்புகள் முடிந்துவிட்டன. உங்களில் பாதிப் பேருக்கு நான் முகம் பார்த்து நன்றி சொன்னதே இல்லை. ஒரு குழந்தையை இறக்கிவிட்ட கையோடு அடுத்த குழந்தையை ஏற்றப் போய்விடுவீர்கள். லாயத்துக்குள் வேலை செய்கிறவர்களின் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன், முகத்தைப் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். எல்லோரும் படிக்கட்டும் என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளுக்கான குதிரையேற்றம் என்றால், "பிள்ளையைக் குதிரை மேல வெச்சு ஒரு சுத்துச் சுத்திக் காட்டுவாங்க" என்றுதான் வெளியே நினைக்கிறார்கள். சம்பளம் இல்லாமல் வந்து நீங்கள் செய்கிற வேலை என்னவென்று யாருக்கும் தெரிவதில்லை.

என் மகளுக்கு ஒன்பது வயது. பெருமூளை வாதம். இரண்டு கால்களும் இறுகி, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். உட்கார்ந்தால் முதுகு கூன் போடும். பேச்சு வரும், ஆனால் வந்து சேர நேரமாகும்.

முதல் நாளே அவளை ஏற்றிவிடாததற்கு முதலில் நன்றி. மருத்துவரின் கடிதம் வேண்டும், இடுப்பு மூட்டின் எக்ஸ்ரே வேண்டும், வலிப்பு வருமா என்று தெரிய வேண்டும் என்று பயிற்சியாளரும் பிசியோதெரபிஸ்டும் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார்கள். இவளைப் போன்ற பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியிலிருந்து விலகியிருக்கக்கூடும். அது தெரியாமல் காலை அகட்டிக் குதிரைமேல் வைத்தால் கெடுதல்தான் மிஞ்சும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை என்றால் கழுத்து எலும்பைப் பார்ப்பார்களாம். ஆசையோடு வந்து நிற்கும் பெற்றோரிடம் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்வது சுலபமான காரியம் அல்ல. அதைச் சொன்னவர்களைத்தான் நான் முழுதாக நம்பினேன்.

இனி, குதிரையோடு நடந்தவர்களுக்கு வருகிறேன். நான் நிறையச் சொல்ல வேண்டியது அவர்களுக்குத்தான்.

குதிரை கிளம்ப வேண்டுமானால் மேலே இருப்பவர்தான் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். பயிற்சியாளர் நடுவில் நிற்பார். கயிறு பிடித்தவர் குதிரையின் தோளோரம். இரண்டு பக்கமும் இரண்டு பேர். "கிளம்பலாமா? நீயே சொல்" என்பார் பயிற்சியாளர். அதன்பிறகு யாரும் வாய் திறக்க மாட்டீர்கள். என் மகளுக்கு உதடு குவியும், தாடை இறுகும், கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். மூச்சு தவறிப்போய் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். நீங்கள் நான்கு பேரும் அப்படியே நிற்பீர்கள். அவள் முகத்தை உற்றுப் பார்க்கக்கூட மாட்டீர்கள். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அவளுக்கு உடம்பு இன்னும் இறுகும் என்பதை எப்படியோ கண்டுகொண்டிருந்தீர்கள். கடைசியில் "போ" என்று ஒரு சத்தம் வரும். வந்த மறுகணம் குதிரை நகரும்.

400 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஓர் உயிர் என் மகளின் ஒற்றைச் சொல்லுக்கு நகர்கிறது. அந்தச் சொல் வரும்வரை நான்கு பெரியவர்கள் வெயிலில் காத்து நிற்கிறார்கள். மற்ற இடங்களில் அவள் வாயெடுப்பதற்குள் யாராவது முடித்துவைத்துவிடுவார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் தான் சொல்லித்தான் ஒன்று நடக்கும் என்கிற அனுபவம் அவளுக்கு உங்களிடம்தான் கிடைத்தது.

பக்கத்தில் நடப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. ஆரம்பத்தில் அவள் தொடையின் குறுக்கே முன்கையை வைத்து, விரலால் விரிப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள். கையின் கனம் அவள்மேல் இறங்கக்கூடாது, முழங்கை குதிரையின் விலாவில் இடிக்கக்கூடாது, நடை குதிரையின் நடைக்குப் பிந்தக்கூடாது. கால் புதையும் மணலில் இத்தனையும் செய்ய வேண்டும். தோள் கடுத்துப்போய் இடம் மாற வேண்டுமென்றால் குதிரையை நடுவில் நிறுத்தி, ஒருவர் மாறி வந்து "பிடிச்சுட்டேன்" என்று சொன்ன பிறகுதான் மற்றவர் கையை எடுப்பார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை எடுத்து நான் பார்த்ததில்லை. அவள் தலைக்கு மேலாக நீங்கள் இருவரும் உங்கள் கதையைப் பேசிக்கொண்டு நடந்ததும் இல்லை.

போகப்போக அந்தக் கை தொடையிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது. பிறகு கணுக்காலையும் விட்டு ஒரு சாண் தள்ளி வந்தது. அவள் சாயும்போது சட்டென்று நிமிர்த்திவிட யாராலும் முடியும். நீங்கள் அவளே நிமிர்கிறாளா என்று பார்ப்பீர்கள். முடியவில்லை என்று தெரிந்தால் மட்டும் இடுப்போரம் இரண்டு விரலால் ஒரு தொடுதல். அது போதும், எங்கே சரிந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இடது பக்கம் எப்போதும் வரும் அந்தக் கல்லூரிப் பெண்ணின் கை, தொடாமல், எடுக்கவும் செய்யாமல், இருபது நிமிடமும் காற்றில் நிற்கும். தம்பி, தங்கைகளே, இத்தனை சின்ன வயதில் இப்படி ஒரு பொறுமையை எங்கே கற்றீர்கள்?

குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், இடமும் வலமும், கொஞ்சம் திருகியும் அசையும். மனிதர் நடக்கும்போது இடுப்பெலும்பு அசைவதும் ஏறத்தாழ அதே போலத்தான் என்று பிசியோ விளக்கினார். சொந்தக் காலால் நடக்காத குழந்தையின் இடுப்புக்கு, நடை என்றால் என்ன என்பதைக் குதிரை சொல்லிக்கொடுக்கிறது. குதிரை நிமிடத்துக்கு 100 அடி வைக்கிறது என்று கொண்டால் 20 நிமிடத்தில் 2,000 தடவை அந்த அசைவு கிடைக்கும். எந்த உடற்பயிற்சிக் கட்டிலில் படுக்கவைத்து அத்தனை முறை செய்ய முடியும்? செய்தால்தான் பிள்ளை விடுவாளா? நிறுத்திக் கிளப்பும்போதும், வளைத்துத் திருப்பும்போதும் வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் தாமாகவே வேலை செய்கின்றன. குதிரையின் உடல் வெப்பம் சுமார் 38 டிகிரி செல்சியஸ், நம்மைவிடச் சற்றே அதிகம். சேணம் போடாமல் மெத்தை விரிப்பில் உட்காரவைப்பதால் அந்தக் கதகதப்பு நேராகத் தொடைக்குப் போகிறது.

வகுப்பு நடந்த நாளின் இரவில் எனக்கு அது கையில் தெரியும். உடை மாற்றுவதற்காக அவள் முழங்கால்களை விலக்கும்போது மற்ற நாட்களில் இரண்டு பேருக்கும் வியர்த்துவிடும். அன்றைக்கு மட்டும் கால் தானாக விலகிக் கொடுக்கும். ஓரிரு நாளில் இறுக்கம் திரும்பிவிடும் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். குதிரை இந்த நிலையைக் குணமாக்காது. அப்படி யாரும் எங்களிடம் சொல்லவும் இல்லை. ஆனால் இந்தப் பருவத்தின் கடைசியில், வீட்டு நாற்காலியில் கைப்பிடியைப் பிடிக்காமல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஒரு புத்தகத்தைப் பிரித்தாள். புத்தகம் ஒரு கை, பிடிமானம் ஒரு கை என்றுதான் அதுவரை.

மழையால் வகுப்பு நடக்காத ஒரு நாள், திரும்பி அனுப்பாமல் பிள்ளைகளை லாயத்து முற்றத்தில் உட்காரவைத்து லிஸ் ஹார்ட்டலின் கதையைச் சொன்னாரே பயிற்சியாளர், அதற்குத் தனியாக ஒரு நன்றி. டென்மார்க்குக்காரர். 1944இல், கருவுற்றிருந்த நேரத்தில் போலியோ தாக்கியது. முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் குதிரை நடைப் போட்டியில் ஆண்களோடு பெண்களும் முதன்முதலாகப் போட்டியிட்டார்கள். அதில் ஜூபிலி என்ற தன் குதிரையோடு இறங்கி வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956இல் மறுபடியும் வெள்ளி. குதிரைமேல் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் துணை வேண்டியிருந்தது. ஏறிய பிறகு அவர் யாருக்கும் இளைத்தவர் இல்லை. கதை முடிந்ததும் என் மகள் கேட்ட கேள்வி உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்: "யாரு ஏத்திவிட்டாங்க?" பதக்கப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கடிதத்துக்குக் கொண்டுவந்து விட்டது.

கயிறு பிடித்து நடத்திய அண்ணனுக்கு: நீங்கள் குழந்தையைப் பார்ப்பதே இல்லை, குதிரையை மட்டும்தான் பார்க்கிறீர்கள் என்று முதலில் கவனித்தேன். அதுதான் உங்கள் வேலை என்று பிறகு தெரிந்தது. குழந்தையைப் பார்க்க இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள், குதிரையைப் பார்க்க நீங்கள் ஒருவர்தான். எல்லோரும் பாட்டி என்று கூப்பிடும் அந்த வெள்ளைக் குதிரை ஒருநாள் காதைப் பின்னால் மடித்து, வாலை ஓயாமல் வீசியது. எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. நீங்கள் உடனே நிறுத்தச் சொன்னீர்கள். மகள் அழுதாள். நீங்கள் மாற்றிக்கொள்ளவில்லை. தடவிப் பார்த்ததில் முதுகில் ஓரிடத்தில் தொட்டாலே பாட்டி கூசினாள். வலியோடு ஒரு விலங்கு குழந்தையைச் சுமக்க வேண்டாம் என்று நீங்கள் எடுத்த அந்த முடிவில் இரண்டு பேருடைய நலனும் இருந்தது. பாட்டிக்கு ஓய்வு கொடுத்து, தேறிய பிறகுதான் மறுபடி கொண்டுவந்தீர்கள்.

லாயத்துக்குள் இருப்பவர்களே, உங்களைக் குழந்தைகளுக்குத் தெரியாது. உங்களில் சிலர் குழந்தைகள் வருவதற்கு முன்பே வந்து போய்விடுகிறீர்கள். சாணம் அள்ளுவது, ஈரமான படுக்கையை மாற்றுவது, தண்ணீர்த் தொட்டியைத் தேய்ப்பது, நான்கு குளம்பையும் தூக்கி உள்ளே சிக்கிய கல்லைக் கிளறி எடுப்பது. ஒரு சிறு கல் தங்கினால்கூடக் குதிரை நொண்டும். நொண்டினால் மேலே இருக்கும் குழந்தைக்கு ஒரு பக்கம் கூடுதலாக, ஒரு பக்கம் குறைவாக ஆட்டம் விழும். அப்படிப் பார்த்தால் என் மகளின் முதுகு நிமிர்ந்ததில் அந்தக் குளம்புக் கொக்கிக்கும் பங்கு உண்டு. தீனி விஷயத்தில் நீங்கள் காட்டும் கண்டிப்பும் அப்படித்தான். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது, தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிற்றுவலி உயிருக்கே ஆபத்தாகும் என்று சொல்லி, என் பையன் ஆசையாகக் கொண்டுவந்த தின்பண்டத்தை அன்போடு திருப்பிக் கொடுத்தீர்கள்.

அந்தப் பையனைப் பற்றியும் எழுத வேண்டும். இவளுக்கு அண்ணன். தங்கையின் சிகிச்சைக்காக எத்தனையோ இடங்களில் காத்திருப்பு நாற்காலியில் உட்கார்ந்தே வளர்ந்தவன். அங்கே அவனை யாரும் எதுவும் கேட்டதில்லை, கேட்க வேண்டும் என்று நானும் எதிர்பார்த்ததில்லை. உங்களில் ஒரு பெரியவர் அவன் கையில் ரப்பர் தேய்ப்பானைக் கொடுத்து, கழுத்திலிருந்து தொடங்கி வட்டமாகத் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். குதிரைக்கு நேர் பின்னால் போனால் அதன் கண்ணுக்குத் தெரியாது, குரல் கொடுத்துக்கொண்டே போ என்று சொல்லிக்கொடுத்தார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே, மடித்துப் பிடி என்றார். இப்போது வீட்டில் அவன்தான் முதலில் கிளம்பி நிற்கிறான். ஐயா, என் இரண்டு பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தீர்கள்.

ஹெல்மெட்டுகளைத் துடைத்துக் காயவைப்பவர், வகுப்பு நேரங்களைக் கோத்து எல்லோருக்கும் தகவல் அனுப்புபவர், சாய்வு மேடையின் ஆடிய பலகையைச் சொல்லாமலே சரிசெய்துவிட்டுப் போனவர், வயதான தங்கள் குதிரையை இந்தக் குழந்தைகளுக்காக மனசார விட்டுக்கொடுத்த குடும்பம், உங்கள் எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு பண்ணை உங்கள் பக்கத்தில் இருந்தால் போய்க் கேளுங்கள். என் மகளைப் போன்ற ஒரு குழந்தை குதிரையேற மூன்று பேர் வேண்டும், பயிற்சியாளர் தனி. அதில் ஒருவர் வரவில்லை என்றால் அன்றைக்கு அந்தக் குழந்தை கீழேயே நிற்கும். குதிரையோடு பழகியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கற்றுக்கொடுப்பார்கள். மணலில் அரைமணி நேரம் நடக்கத் தெம்பு வேண்டும், வருகிறேன் என்ற நாளில் வர வேண்டும், முன்பக்கம் மூடிய காலணி வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கும் உட்கார்ந்து செய்ய வேலை இருக்கிறது. விலங்கென்றால் பயம் என்பவர்களுக்கு அலுவலக வேலை இருக்கிறது.

கடிதத்தை மகளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் பங்குக்கு ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அடுத்த தடவை ஒரு பக்கம் ஆள் போதும்." முடிவு பயிற்சியாளருடையது.

நன்றியுடன்,
வேலிக்கு வெளியே நிற்கும் ஓர் அம்மா