மாப்ள, கண்ணு சரியாயிடுச்சு

மாப்ள,

லேட்டா பதில் போடுறேன், கோச்சுக்காத. கண் ஆபரேஷன் முடிஞ்சு போன வாரம்தான் டாக்டர் படிக்கலாம்னு சொன்னார். சொன்னதுதான் தாமசம், முதல் உலகப்போர் பத்தி எடுத்து வச்சிருந்ததை எல்லாம் படிக்க உட்கார்ந்துட்டேன்.

போர்னா நாம குண்டு, வெடிச்சத்தம்னுதானே நெனச்சிட்டிருந்தோம்? பதுங்குகுழில கெடந்தவனுக்கு தெனமும் மல்லுக்கட்டு தண்ணியோடதான்டா. 1914 கடைசிக்குள்ள சுவிஸ் எல்லைல இருந்து பெல்ஜியம் கடற்கரை வரைக்கும் சுமார் 700 கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் குழி வெட்டி எதிரெதிரா உட்கார்ந்துட்டாங்க. பெல்ஜியம் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே தண்ணி ஊறும், மழையும் சேர்ந்தா முழங்கால் வரைக்கும் சேறு, நாள் கணக்கா அதுலயே நின்னு நின்னு கால் மரத்து, வீங்கி, கறுத்துப் போயி அழுகிடும், சிலருக்கு விரலை இல்ல பாதத்தையே எடுக்கற அளவுக்கு போயிருக்கு. முதல் குளிர்காலத்துல பிரிட்டிஷ் படைல மட்டும் சுமார் 20,000 பேருக்கு இந்த கதி.

அப்புறம்தான் ஆர்டர் போட்டாங்க: பூட்ஸைக் கழட்டி, காலைத் துடைச்சு, திமிங்கல எண்ணெய் தேய்ச்சு, காஞ்ச சாக்ஸ் மாத்தணும். பல இடத்துல ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேர்த்து விட்டிருக்காங்க, இவன் காலுக்கு அவன் பொறுப்பு. மேல ஷெல் பறந்துட்டு இருக்கு, கீழ ஒருத்தன் இன்னொருத்தன் பாதத்தை மடில வச்சு விரல் இடுக்கு இடுக்கா தேய்ச்சு விடுறான். அதுக்கு மேல அன்னைக்கு என்னால படிக்க முடியல மாப்ள.

எலி, பேன் வேற. சட்டை தையல்ல ஒளிஞ்சிருக்கற பேனை மெழுகுவர்த்தி காட்டி பொசுக்குவாங்களாம், ஆனா முட்டை தப்பிச்சுடும், உடம்பு சூடு பட்டதும் திரும்ப பொரிஞ்சுடும். ஆளை வாரக்கணக்குல படுக்க வைக்கற ட்ரெஞ்ச் காய்ச்சல் அந்தப் பேனாலதான் பரவுதுன்னு உறுதியானதே 1918லதான்.

நம்ம சிப்பாய்ங்க 1914 செப்டம்பர்ல பிரான்ஸோட மார்செய்ல்ஸ் துறைமுகத்துல இறங்கினப்ப போட்டிருந்தது பருத்தி யூனிஃபார்ம், அதோடயே அக்டோபர்ல முன்வரிசைக்குப் போயிட்டாங்க, கம்பளி உடுப்பு எல்லாருக்கும் வந்து சேரவே லேட். பிரான்ஸ்ல நியூவ் ஷப்பல்ங்கற ஊர்ல இருக்கற நினைவுச்சின்னத்துல, கல்லறைகூட இல்லாத இந்தியப் படை ஆளுங்க பேரு 4,700க்கு மேல இருக்கு.

உங்க தாத்தா அந்தப் போருக்குப் போயிட்டு வந்தவர்தானே? தெனம் சாயங்காலம் காலுக்கு எண்ணெய் போட்டு விரல் விரலா நீவிட்டு இருப்பாரே, எதுக்கு தாத்தான்னு கேட்டா பேசவே மாட்டாரு. அவரோட பழைய தகரப் பெட்டி இன்னும் உங்க வீட்ல இருக்கா? பேப்பர், மெடல் எது இருந்தாலும் போட்டோ எடுத்து அனுப்புடா. அடுத்த மாசம் நானே வர்றேன், சேர்ந்து பாப்போம்.