பெயரின் கடைசிப் புள்ளி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நூலகத்தின் கூரை வேலை முடிந்து, மழைக்கு முன்பே புத்தகங்களை அடுக்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. செய்தித்தாளை வரி விளம்பரம் வரைக்கும் விடாமல் படிக்கிறார். மூத்தவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். வீட்டின் அமைதி எனக்கு இன்னும் பழகவில்லை.

உறுப்பினர் பதிவேட்டுக்காக நீ பைத்தான் மொழியில், திரைப் பெட்டிகளை அமைக்க உதவும் டிகின்டர் தொகுதியைக் கொண்டு எழுதும் நிரலுக்கு வருகிறேன். மீனாட்சிசுந்தரம் என்று அடித்தால் கடைசி மகரத்தின் மேல் புள்ளி மட்டும் விழ மறுக்கிறது, விசைப்பலகையை மாற்றியும் பயனில்லை என்று எழுதியிருந்தாய். விசைப்பலகையில் குறையில்லை. பெயர்ப் பெட்டிக்கு நீ 15 எழுத்து வரம்பு வைத்திருக்கிறாய். மீ, னா, ட், சி, சு, ந், த, ர, ம் என்று நாம் எண்ணினால் ஒன்பது எழுத்து. நீளத்தை எண்ணிச் சொல்லும் பைத்தானின் லென் அதையே 16 என்கிறது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் புள்ளிக்கும் ஒவ்வொரு துணைக்குறிக்கும் தனிக் குறியெண் உண்டு. 15 வரை வாங்கிக்கொண்ட பெட்டி, பதினாறாவதாக வந்த புள்ளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் அடித்துப் பார்த்திருந்தால் இது உன் கண்ணில் பட்டிருக்காது.

பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் ஒவ்வொரு குறியும் எந்த வகை என்று சொல்லும் கேட்டகரி என்ற செயற்கூறு, அதாவது அழைத்தால் விடை தரும் நிரல் துண்டு, இருக்கிறது. விடை 'எம்' என்ற எழுத்தில் தொடங்கினால் அதை எண்ணாமல் விட்டுவிடு. புள்ளி, கால், கொம்பு எல்லாம் அதில் அடங்கும், எஞ்சுவது ஒன்பதுதான். க்ஷ, ஸ்ரீ இரண்டும் இரண்டிரண்டாகக் கணக்கில் வரும், உன் பதிவேட்டுக்கு அது இடைஞ்சல் இல்லை. என்னைக் கேட்டால் பெயருக்கு வரம்பே வேண்டாம். உறுப்பினர் அட்டையில் இடம் போதாவிட்டால் அச்செழுத்தின் அளவைக் குறைத்துக்கொள். தந்தை வைத்த பெயரை நம் வசதிக்காக வெட்டக் கூடாது.

தொலைபேசி எண் பெட்டியில் கடைசி இலக்கத்தை அழிக்க முடியாமல் போவதற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு விசைக்கும் உன் சோதனைச் செயற்கூறு ஓடுகிறது. எல்லாவற்றையும் அழித்தபின் மிஞ்சுவது வெற்றுச் சரம், அதாவது ஒரு குறிகூட இல்லாத எழுத்துத் தொடர். எல்லாம் இலக்கம்தானா என்று பார்க்கும் இஸ்டிஜிட் அதை எண்ணாக ஒப்புக்கொள்ளாது. வெற்றுச் சரத்துக்கு முதல் வரியிலேயே 'சரி' என்று பொருள்படும் ட்ரூ கொடுத்துவிடு. செயற்கூறின் ஒவ்வொரு கிளையும் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று எதையாவது திருப்பித் தருகிறதா என்றும் பார். ஒரு கிளையில் விடையைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் விட்டுப்போனால், அந்த வழியாகப் போன முதல் விசையோடு அந்தப் பெட்டிக்கான சோதனையையே, டிகின்டரின் அடியில் இயங்கும் டிகே நிறுத்திவிடும். பிறகு யார் எதை அடித்தாலும் உள்ளே போகும், திரையில் எந்த அறிகுறியும் தெரியாது. இன்னொன்று, இஸ்டிஜிட் நம் ௧, ௨, ௩ ஆகியவற்றையும் இலக்கமாக ஏற்றுக்கொள்ளும். ௯௮ என்பதை, சரத்தை எண்ணாக மாற்றும் இன்ட்டுக்குக் கொடுத்துப் பார், 98 வரும். எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

ஆனால் நண்பா, விசைக்கு விசை சோதிப்பதே எனக்கு உடன்பாடில்லை. பிறந்த ஆண்டு 1900க்குக் குறையக் கூடாது என்று அப்படிச் சோதித்தால், 1987 அடிக்க வந்தவரின் முதல் 1 அங்கேயே நின்றுவிடும். வாசலில் வந்தவர் வாய் திறந்ததுமே குறுக்கே பேசுவது போன்றது அது. டிகின்டரைப் போன்ற இன்னொரு தொகுதியான க்யூட்டியை உருவாக்கியவர்கள் இதை அழகாகத் தீர்த்திருக்கிறார்கள். அதன் சோதனையில் சரி, தவறு என்ற இரண்டோடு, இன்னும் முடியவில்லை என்ற மூன்றாவது நிலையும் உண்டு. 19 என்பது அந்த மூன்றாவது நிலை. மேலும் அடிக்கலாம், ஆனால் அப்படியே ஏற்கப்படாது. டிகின்டரில் அது இல்லை; ஆகவே எப்போது சோதிப்பது என்று குறிக்கும் வேலிடேட் அமைப்பை ஃபோகஸ்அவுட் என்று மாற்றி, அடித்து முடித்துப் பெட்டியை விட்டு வெளியேறும்போது சோதி. பிழையிருந்தால் பெட்டிக்கு அருகிலேயே ஒரு வரியில் சொல். அடித்ததை ஒருபோதும் அழிக்காதே. சென்ற மாதம் ஓர் அலுவலகக் கவுண்டரில் ஒரே ஓர் இலக்கம் தவறியதற்காக முழுப் படிவமும் வெறுமையானதைப் பார்த்தேன். எதிரே காத்திருந்த முதியவரிடம் அந்த ஊழியர் எல்லா விவரங்களையும் மறுபடியும் கேட்டார். எழுதியவர் ஒரு நாளாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நிரல் அப்படி இருந்திருக்காது.

தேடல் பெட்டியை அடுத்து எழுதப்போகிறாய் அல்லவா? அங்கே ஓர் இடறல் காத்திருக்கிறது. கோமதி என்ற பெயரின் 'கோ', ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாகவும் சேமிக்கப்பட்டிருக்கலாம். இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், பைத்தானுக்கு வேறு வேறு சரங்கள். பதிவேட்டில் இருக்கும் கோமதி, தேடினால் இல்லை என்று வரும். சேமிக்கும்போதும் தேடும்போதும் சரத்தை யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் வழியாக, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடு. முன்னும் பின்னும் ஒட்டிய இடைவெளிகளை ஸ்ட்ரிப் கொண்டு நீக்கு.

இன்று எந்தப் பெட்டியிலும் வெட்டி ஒட்டுகிறோமே, அந்த வழக்கம் 1970களில் செராக்ஸ் நிறுவனத்தின் 'பார்க்' ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் செய்த வேலையில் உருப்பெற்றது. கணினிப் பழக்கம் இல்லாதவர்கள் ஒரு பக்கத்தை எப்படித் திருத்த நினைப்பார்கள் என்று கேட்டறிந்து வடிவமைத்தார்கள். உன் நூலகத்தில் பதிவு போடும் அம்மாவை நிரலின் முன் உட்கார வைத்து, நீ வாய் திறக்காமல் பின்னால் நின்று பார். எங்கே தயங்குகிறார், டேப் விசையை அழுத்தினால் அடுத்து எந்தப் பெட்டிக்குப் போகும் என்று எதிர்பார்க்கிறார், எதற்கு உன்னைத் திரும்பிப் பார்க்கிறார் என்பதையெல்லாம் குறித்துக்கொள். அந்தக் குறிப்பையும் நிரல் கோப்பையும் சேர்த்து அனுப்பு, ஞாயிறன்று உட்கார்ந்து பார்க்கிறேன். பொங்கல் விடுமுறையில் ஊருக்கு வருகிறேன். தேடல் பெட்டி அதற்குள் முடியாவிட்டால் நூலகத்திலேயே இருவரும் சேர்ந்து எழுதிவிடலாம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்